பழைய பயணக் கைக்கடிகாரம் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மூன்று வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் இருந்த ஒருவரிடமிருந்து பழைய ஜேகர்-லெகூல்த்ர் மெமோவாக்ஸ் ஒன்று வாங்கினேன். மணிக்கட்டிலேயே அலாரம் அடிக்கும் கடிகாரம். பணம் கட்டிய நாளிலிருந்து அதை நிம்மதியாகக் கையில் கட்டப் பதினொரு மாதம் ஆனது. பார்சல் சுங்கத்தில் நின்றது. வந்து சேர்ந்த பிறகு அலாரம் அடிக்கவில்லை. பழுது பார்க்கக் கொடுத்த பட்டறையில் கேட்காமலே டயலுக்குப் புது வண்ணம் பூசி, கேஸை, அதாவது வெளிக்கூட்டை, வழவழவென்று பாலிஷ் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் இரண்டையும் காசும் பொறுமையும் சரிசெய்தன. மூன்றாவதை இனி யாராலும் சரிசெய்ய முடியாது. அறுபது வருடம் பிழைத்திருந்த டயல் என் கையில் வந்துதான் போனது. அது உங்களுக்கு நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது சுவிட்சர்லாந்தில். அதனால் வரியும் சட்டமும் இந்த நாட்டுக்கானவை. கடிகாரத்தைச் சோதிக்கும் முறைகள் நீங்கள் எங்கிருந்தாலும் பொருந்தும்.

1. எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பயணக் கடிகாரம் என்று விற்கப்படுபவை நான்கு வகை.

அலாரம் அடிப்பவை: 1947-ல் வந்த வல்கெய்ன் கிரிக்கெட், 1950-களின் தொடக்கத்திலிருந்து வரும் மெமோவாக்ஸ். கிரிக்கெட்டில் கிரவுன், அதாவது பக்கவாட்டில் சாவி கொடுக்கும் திருகு, ஒன்றுதான். ஒரு பக்கம் திருப்பினால் நேரத்துக்கும் மறுபக்கம் திருப்பினால் அலாரத்துக்கும் சாவி ஏறும். மெமோவாக்ஸில் இரண்டு கிரவுன். மேலே இருப்பது அலாரத்துக்கு.

24 மணி முள்ளோ (நாளுக்கு ஒருமுறை சுற்றுவது) 24 மணி டயலோ உள்ளவை: ரோலெக்ஸ் ஜிஎம்டி-மாஸ்டர், 1953-ல் வந்த கிளைசின் ஏர்மேன். தொடக்க கால ஏர்மேனில் மணி முள் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். நண்பகலில் முள் கீழ்நோக்கி நிற்பதைப் பழக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. வாங்கும் முன் ஒருமுறை கையில் கட்டிப் பாருங்கள்.

உலக நேரம் காட்டுபவை: ஜெனீவாவின் லூயி கோட்டியே 1930-களில் அமைத்த பொறியமைப்பைப் பின்பற்றியவை. நகரப் பெயர்கள் டயலைச் சுற்றி இருக்கும்.

மூடி திறக்கும், பையில் வைக்கும் கடிகாரங்கள்: மொவாடோ எர்மெட்டோ. இதன் சில மாடல்களில் மூடியைத் திறந்து மூடினாலே சாவி ஏறிக்கொள்ளும்.

நம் ஊருக்குப் பேசுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் அரை மணிக் கணக்கில் இருக்கின்றன. சுவிஸிலிருந்து கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். கோட்டியே வகையின் வழக்கமான நகர வளையம் முழு மணிக் கணக்கில் அமைந்தது, அரை மணி அதில் உட்காராது. ஆனால் ஜிஎம்டி-மாஸ்டரின் 1675 என்ற பழைய மாடலில் பெசல், அதாவது டயலைச் சுற்றியுள்ள எண் வளையம், கிளிக் இல்லாமல் வழுக்கித் திரும்பும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். குளிர்காலத்தில் அதை இடப்பக்கமாக நாலரை மணி அளவு திருப்பி வைத்தால் 24 மணி முள் ஊர் நேரத்தைக் காட்டும். இந்த மாடலில் அந்த முள் மணி முள்ளோடு பல்சக்கரத்தால் பிணைந்தது, தனியாக நகராது. இரண்டாம் நேரத்துக்குப் பெசல்தான் வழி. மணி முள்ளைத் தனியாக நகர்த்தும் வசதி 1980-களில் ஜிஎம்டி-மாஸ்டர் II-உடன்தான் வந்தது.

முதல் கடிகாரம் என்றால் என் பரிந்துரை கிரிக்கெட். ஸ்டீல் கேஸில் ஓரளவு நல்லது ஆயிரம் பிராங்கை ஒட்டியே கிடைக்கிறது. 1675 நல்ல நிலையில் இருந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். அந்த விலையில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

2. விலை பேசும் முன் மொத்தச் செலவை எழுதிப் பாருங்கள்

என் மெமோவாக்ஸுக்கு ஆனது இது. கடிகாரம் 3,200 பிராங்க். எல்லையில் மதிப்புக்கூட்டு வரி சுமார் 260. கூரியரின் சுங்கக் கையாளல் கட்டணம் 35. இரண்டாவதாகப் போன நல்ல பட்டறையில் முழு சர்வீஸ் 850. ஸ்ட்ராப் 60. ஆக 4,400-க்கு மேல். முதல் பட்டறைக்குக் கொடுத்ததை இதில் சேர்க்கவில்லை.

விளம்பரத்தில் ‘அண்மையில் சர்வீஸ் செய்தது’ என்று இருந்தால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் சர்வீஸ் ஆகவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவைக் கழித்து விலை சொல்லுங்கள். அலாரம் கடிகாரத்தில் நேரத்துக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று என்று இரண்டு சுருள்வில், இரண்டு பல்சக்கர வரிசை. சாதாரணக் கடிகாரத்தின் சர்வீஸ் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் தவறும்.

3. டயலைப் பாருங்கள், அப்புறம் மற்றதை

பழைய கடிகாரத்தின் விலையில் பெரும்பங்கு டயலுக்குத்தான். இயந்திரத்தைக் கழுவி எண்ணெய் போட்டு ஓட வைக்கலாம். டயல் போனால் போனதுதான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று வாங்குங்கள், இருபது பிராங்குக்குள் கிடைக்கும். அதன் அடியில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். மறுபடி பூசிய டயலில் எழுத்து தடித்து, மை கசிந்ததுபோல் இருக்கும். நிமிடக் கோடுகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறும். ஆறு மணிக்குக் கீழே உள்ள ‘சுவிஸ்’ என்ற சின்ன எழுத்து காணாமல் போயிருக்கும், அல்லது நடுவில் இல்லாமல் ஒதுங்கி நிற்கும். அதே மாடலின் பத்துப் பதினைந்து படங்களை ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் தேடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது இதற்குப் போகட்டும்.

அடுத்தது இருட்டில் ஒளிரும் பூச்சு. 1960-களின் தொடக்கம் வரை ரேடியம், அதன்பின் 1990-கள் வரை பெரும்பாலும் டிரிடியம். டிரிடியம் டயலில் ஆறு மணிக்குக் கீழே ‘சுவிஸ்’ என்ற சொல்லோடு ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தோ, ‘டி’யும் 25 என்ற எண்ணும் சேர்ந்தோ அச்சாகியிருக்கும். டிரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு. ஆகவே 1970-ஆம் ஆண்டுக் கடிகாரம் இன்று தானாக ஒளிராது. புற ஊதா டார்ச் அடித்தால் மங்கலாகத் தெரிந்து, டார்ச்சை எடுத்த சில நொடிகளில் அணைந்துவிடும். விளக்கை அணைத்த பிறகும் நீண்ட நேரம் பச்சையாகப் பளிச்சென்று எரிந்தால் பூச்சு புதியது, அல்லது டயலே பின்னாளில் மாற்றப்பட்டது. முள்ளில் உள்ள பூச்சின் நிறமும் டயலில் உள்ளதன் நிறமும் ஒத்துப்போக வேண்டும். டயல் தேன் நிறம், முள் வெள்ளை என்றால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது. விற்பவரிடம் கேளுங்கள்.

ரேடியம் வேறு கதை. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஒளி நின்றுவிடும், கதிர்வீச்சு நிற்காது. மூடிய கேஸுக்குள் இருக்கும்வரை பெரிய கவலை இல்லை. உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. ரேடியம் டயல் உள்ள கடிகாரத்தை வீட்டில் திறக்காதீர்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். பட்டறைக்குக் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லுங்கள், பலர் எடுக்க மாட்டார்கள். முதல் ஜிஎம்டி-மாஸ்டரான 6542-இல் பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கால் ஆன பெசலிலேயே ரேடியம் இருந்தது. அந்தப் பெசல் எளிதில் விரிசல் விடும். புதிதாகத் தொடங்குகிறவர் தொட வேண்டிய கடிகாரம் அல்ல அது.

டயலில் ‘லெகூல்த்ர்’ என்று மட்டும் இருப்பதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்கச் சந்தைக்குப் போனவை அந்தப் பெயரில்தான் விற்றன. இயந்திரம் சுவிஸ், கேஸ் பல சமயம் அமெரிக்காவிலேயே செய்தது, தங்க முலாம் பூசியது. விலையும் குறைவாகவே இருக்கும்.

4. இந்தப் படங்கள் வராமல் பணம் அனுப்பாதீர்கள்

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: டயல் நேராக, வெயிலில் எடுத்த படம். பின்மூடியின் உட்புறம். இயந்திரம். லக்குகள் (ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள்) நான்கும் பக்கவாட்டில். ரோலெக்ஸ் என்றால் ஸ்ட்ராப்பைக் கழற்றி லக்குகளுக்கு நடுவே எடுத்த இரண்டு படம்: பழைய மாடல்களில் 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் தொடர் எண்ணும் பொறித்திருக்கும். எண்கள் மங்கி, அரித்ததுபோல் இருந்தால் பின்வாங்குங்கள்.

லக்கின் ஓரங்கள் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். சோப்புக்கட்டிபோல் உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். போன உலோகம் திரும்பி வராது.

அலாரம் கடிகாரத்துக்குக் காணொளி கேளுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அடிக்கும்படி வைத்து, அடிக்கும்வரை வெட்டாமல் எடுத்தது. மெமோவாக்ஸில் சின்னச் சுத்தியல் பின்மூடியில் உள்ள ஊசியைத் தட்டித்தான் ஒலி வருகிறது. ஊசி வளைந்திருந்தாலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ ஒலி அமுங்கிக் கேட்கும். நான் இதைக் கேட்கவில்லை. ‘அலாரம் வேலை செய்கிறது’ என்ற ஒரு வரியை நம்பினேன்.

காகிதங்களில் முக்கியமானது, விற்பவரின் பெயர், முகவரி, கடிகாரத்தின் தொடர் எண், தேதி, தொகை எல்லாம் உள்ள ரசீது. அசல் உத்தரவாதச் சீட்டும் பெட்டியும் இருந்தால் நல்லது. ஆனால் பெட்டிகள் தனியாகவும் விற்பனைக்குக் கிடைக்கின்றன, பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். பதெக் பிலிப், லாஞ்சின்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவேட்டிலிருந்து சான்று எடுத்துத் தரும். ரோலெக்ஸ் பொதுமக்களுக்கு அப்படித் தருவதில்லை. ஆகவே ‘ரோலெக்ஸ் ஆவணச் சான்று’ என்று எதையாவது காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள்.

திருட்டுக் கடிகாரமா என்பதை வாங்கும் முன் பாருங்கள். த வாட்ச் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் கட்டணம் கட்டித் தொடர் எண்ணைத் தேடலாம். சுவிஸ் சட்டப்படி திருடுபோன பொருளை உரிமையாளர் ஐந்து வருடம்வரை திரும்பக் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு வியாபாரியிடமோ ஏலத்திலோ வாங்கியிருந்தால் நீங்கள் கொடுத்த விலையைத் தந்துவிட்டுத்தான் எடுக்க முடியும். தனியாளிடம் வாங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

5. எங்கே வாங்குவது

வியாபாரி விலை கூடுதல்தான். ஆனால் பொறுப்பை முழுதாக விலக்கி ஒப்பந்தத்தில் எழுதாதவரை, நீங்கள் சொந்தப் பயனுக்கு வாங்கும் பழைய பொருளுக்கும் அவர் குறைந்தது ஒரு வருடம் பொறுப்பேற்க வேண்டும். தனியாள் ‘உத்தரவாதம் இல்லை’ என்று எழுதிவிட்டால், தெரிந்தே குறையை மறைத்தார் என்று நிரூபிக்காதவரை அதோடு முடிந்தது.

ஜெனீவாவில் மே, நவம்பர் மாதங்களில் பெரிய ஏலங்கள் நடக்கின்றன. ஏலத்துக்கு முன் கடிகாரங்களைப் பார்வைக்கு வைப்பார்கள், கேட்டால் கையில் எடுத்தும் பார்க்கலாம். வாங்காவிட்டாலும் போய்ப் பாருங்கள். அசல் டயல் எப்படி இருக்கும் என்று என் கண் பழகியது அங்கேதான். வாங்குவதென்றால் சுத்தியல் விலைக்கு (ஏலம் முடியும் விலைக்கு) மேல் சுமார் கால் பங்கு ஏலக் கட்டணம் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

இணையத்தில் வாங்கினால், கடிகாரம் உங்கள் கைக்கு வரும்வரை பணத்தை இடையில் நிறுத்தி வைக்கும் வசதி உள்ள தளத்தில் மட்டும்.

6. வெளிநாட்டிலிருந்து வந்தால்: வரியும் தோலும்

2024 ஜனவரி முதல் சுவிஸில் தொழிற்பொருட்களுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. கடிகாரத்துக்குக் கட்ட வேண்டியது 8.1 சதவீத மதிப்புக்கூட்டு வரி. அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். நேரில் போய் வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு வந்தாலும் எல்லையில் அறிவிக்க வேண்டும். 2025 முதல் வரியில்லா வரம்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 பிராங்க். பொருளின் மதிப்பு அதைத் தாண்டினால் முழு மதிப்புக்கும் வரி. ‘பரிசுப் பொருள், 50 யூரோ’ என்று எழுதி அனுப்பட்டுமா என்று விற்பவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது குற்றம். வழியில் தொலைந்தால் காப்பீடும் ஐம்பது யூரோவுக்குத்தான் கிடைக்கும்.

என் பார்சல் நின்றது வரியால் அல்ல, ஸ்ட்ராப்பால். பழைய நல்ல கடிகாரங்களில் முதலைத்தோல் ஸ்ட்ராப் சாதாரணம். முதலை, உடும்பு போன்றவற்றின் தோல், அழியும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. ஐந்து வாரம் கடிதம் எழுதி, கடைசியில் ஸ்ட்ராப்பை விட்டுக்கொடுத்துக் கடிகாரத்தை வாங்கினேன். அதிகாரி செய்தது சரிதான், விதியைத் தெரிந்துகொள்ளாதது என் தவறு. ஆகவே விற்பவரிடம் எழுத்தில் சொல்லுங்கள்: ‘ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்.’

எர்மெட்டோவில் இது இன்னும் சிக்கல். அதன் மூடியே பல சமயம் முதலைத் தோலோ உடும்புத் தோலோ போர்த்தியது, கழற்ற முடியாது. அப்படிப்பட்டதை உள்நாட்டிலேயே வாங்குங்கள், அல்லது எனாமல், வெள்ளி மூடி உள்ளதைத் தேடுங்கள்.

7. கையில் வந்த முதல் வாரம்

சாவி கொடுக்கும்போது எதிர்ப்பு தெரிந்தவுடன் நிறுத்துங்கள். கரகரவென்று உணர்ந்தால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் அச்சுகள் தேயும், மாற்றுப் பாகம் தேடுவது சர்வீஸைவிடச் செலவு.

காந்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணத் திசைகாட்டியின் மேல் மெதுவாகக் கொண்டுபோனால் அதன் ஊசி ஆடும். திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரத்துக்கு அடிக்கடி இதுதான் காரணம். காந்தம் நீக்கும் சின்னக் கருவி இருபது, முப்பது பிராங்க்.

பட்டறையில் நேரமானியில் (கடிகாரத்தின் ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. முழுச் சாவியில் சமநிலைச் சக்கரம் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்துவது) ஆடும் வீச்சு 270 முதல் 310 பாகைக்குள் இருந்தால் நலம். 220-க்குக் கீழே என்றால் சர்வீஸ் தேவை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ‘லிஃப்ட் ஆங்கிள்’ என்று, அளக்கும் கருவியில் பதிய வேண்டிய ஒரு கோண அளவு உண்டு. அதைச் சரியாகக் கொடுக்காமல் அளந்தால் வீச்சு தவறாகக் காட்டும்.

14 நாள் திருப்பும் உரிமை இருந்தால் இதையெல்லாம் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

8. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள்

இந்த ஒரு படியை நான் செய்திருந்தால் என் டயல் இன்றும் இருந்திருக்கும். கடைக்காரர் அன்பாகப் பேசினார், நானும் ‘நன்றாகச் செய்து கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு ‘நன்றாக’ என்றால் புதிதுபோல. எனக்கு ‘நன்றாக’ என்றால் உள்ளே சுத்தம், வெளியே கை படாமல். இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்து வேறு வேறு வேலையைப் பேசியிருக்கிறோம்.

ஒப்படைக்கும் சீட்டில் இந்த ஐந்தும் இருக்க வேண்டும். கேஸை பாலிஷ் போடக்கூடாது. டயலையும் முள்ளையும் தொடக்கூடாது, ஒளிப்பூச்சு புதிதாகப் பூசக்கூடாது. மாற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் மதிப்பீடு தந்து நான் ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். ஒப்படைக்கும்போது எடுத்த படங்கள் சீட்டோடு இணைய வேண்டும். ஜெர்மன் பேசும் ஊரில் ‘நிஷ்ட் போலீரன்’, பிரெஞ்சு பேசும் ஊரில் ‘ந பா போலிர்’ என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். கையொப்பம் வாங்குங்கள்.

நிறுவனத்தின் சொந்தச் சேவை மையமா, தனிப் பட்டறையா? பெரிய மையங்கள் பலவற்றில் பழையதை எடுத்துவிட்டுப் புதிய பாகம் போடுவது வழக்கம். கடிகாரம் நன்றாக ஓடும், பழமை குறையும். பதெக் பிலிப் 1839 முதல் தான் செய்த எதையும் பழுது பார்ப்பதாகச் சொல்கிறது. அத்தகைய கடிகாரத்துக்கு அங்கே போவதே சரி. மற்றதற்கெல்லாம் நான் தனிப் பட்டறைக்கே போகிறேன். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ‘இதே இயந்திரத்தை இதற்கு முன் பிரித்திருக்கிறீர்களா?’ மெமோவாக்ஸ் என்றால் இயந்திர எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், 489, 814, 825 என்று. தயங்காமல் பேசுகிறவரிடம் கொடுங்கள். நல்லவர்களிடம் வரிசை நீளம். எனக்கு நான்கு மாதம் ஆனது.

9. அன்றாடம்

தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 1675 புதிதாக இருந்தபோது 50 மீட்டர் தாங்கியது. அந்த எண் இன்று செல்லாது. கை கழுவும்போதும் கழற்றி வைப்பேன்.

தேதியை விரைவாக மாற்றும் வசதி உள்ள மாடல்களில் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை அதைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும், வற்புறுத்தினால் பல் உடையும். தானியங்கி மெமோவாக்ஸில் கை அசைவு நேரத்துக்கு மட்டுமே சாவி கொடுக்கிறது, அலாரத்துக்கு நீங்கள்தான் மேல் கிரவுனால் கொடுக்க வேண்டும். ‘அலாரம் கெட்டுவிட்டது’ என்று பலர் பட்டறைக்கு ஓடுவது இதனால்.

அக்ரிலிக் கண்ணாடியில் விழும் சின்னக் கீறலை அதற்கான பசையை மென்துணியில் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்தால் எடுத்துவிடலாம். முழு சர்வீஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

10. ஊருக்குக் கட்டிக்கொண்டு போகும்போது

வீட்டுப் பொருள் காப்பீடு வெளியில் நடக்கும் சாதாரணத் திருட்டைத் தானாக மூடாது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். விலை கூடிய கடிகாரத்துக்குத் தனி மதிப்புப் பொருள் காப்பீடு எடுப்பது நல்லது. அவர்கள் ரசீதும் படங்களும் கேட்பார்கள், நான்காம் படியில் வாங்கியவை இங்கே உதவும்.

ரசீதின் நகலையும், வரி கட்டிய சீட்டையும் பயணப் பையில் வையுங்கள். திரும்பி வரும்போது ‘இதை எங்கே வாங்கினீர்கள்’ என்று கேட்டால் காட்ட அதுதான் சான்று. முதலைத்தோல் ஸ்ட்ராப்பை வீட்டில் வைத்துவிட்டுத் துணி ஸ்ட்ராப் மாட்டிக்கொள்ளுங்கள், ஊரின் வியர்வைக்கும் அதுவே ஏற்றது. கடற்கரை ஊராக இருந்தால் இரவில் கடிகாரத்தைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தால் அன்றே ஒரு பட்டறையில் பின்மூடியைத் திறந்து உலர வைக்கச் சொல்லுங்கள், ரேடியம் டயல் என்றால் அதை முதலில் சொல்லிவிட்டு. திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்று வாரத்தில் முள்ளில் துரு பிடித்துவிடும்.